கடைசித் தக்கை

பழசுதான். இது பழசாத்தான் இருக்கும். மூக்கைத் துடைக்கக் கடதாசி எடுப்பம் எண்டு ஜக்கெற் பொக்கற்றுக்க கையை விட்டனான், கடதாசிக்கு முதல் இது தட்டுப்பட்டுது, குளிர்ந்த பித்தளை, என்ர பெருவிரல் மொத்தம், ஒரு பக்கம் திருகுப் புரி, மற்றப் பக்கம் ஸ்பானர் பிடிக்கிற சதுரத் தலை. பிளேனின்ர வயித்தில பூட்டிக் கிடக்க வேண்டிய தக்கை என்ர பொக்கற்றுக்க கிடக்குது. பிளேன் மேல பறக்குது. இன்னும் கொஞ்ச நேரத்தில கடல்ல இறங்கப் போகுது. எடியே கொறற்றி, முதல் மூச்சை விடு. பொக்கற்றுக்குள்ளயே பிடிச்சுக்கொண்டு இரு, வெளியில எடுக்காத, எதிர்ச் சீற்றில இருக்கிற தூர்லைஃப் கண்டால் முடிஞ்சுது. தூர்லைஃப் இஞ்ச பாக்கேல்லை. எண்பது தாண்டின மனிசன், வாலிபத்தில இதே பிளேனில ஏறித் திரிஞ்ச விமானப்படைக்காரர், இண்டைக்குப் பழைய நீலக் கோட்டைப் பூச்சி உருண்டை மணத்தோட எடுத்துப் போட்டுக்கொண்டு, யன்னல் கண்ணாடியில நெத்தியை முட்டி வைச்சிருக்கிறார், சின்னப் பிள்ளையள் பஸ்ஸில போற மாதிரி. முன்னுக்கு விமானி ஆர்னே. பக்கத்தில துணை விமானி சீக்ரி, என்ர மகள் ஜெனிற்றாவோட பள்ளிக்கூடத்தில படிச்ச பெட்டை, இப்ப அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. நாங்கள் நாலு பேர். கீழ வடநோர்வேக் கடல், மே மாசத்திலயும் மலையெல்லாம் வெள்ளை, கரையோரம் ஐஸ் பாளம். அந்தத் தண்ணிக்க விழுந்தால் மனிசர் எவ்வளவு நேரம் தாங்குவினம் எண்டு நான் வேலை செய்யிற மீன் தொழிற்சாலையில ஒரு வகுப்பு எடுத்தவை, அதை இப்ப நினைக்காத. நினைக்காத எண்டு சொல்லிக்கொண்டே நினைக்கிறன்.

பிளேனுக்கு என்னத்துக்குத் தக்கை எண்டு சனிக்கிழமையில பாக்க வாற சனம் கேக்கிறது, நான்தான் விளங்கப்படுத்திறது, இந்தப் பழைய பிளேனைப் பராமரிக்கிற சங்கத்துக்கு வழிகாட்டி நான். இது பிளேன் மட்டுமில்லை, வள்ளமும்தான். அடிவயிறு வள்ளத்தின்ர வயிறு, உள்ளுக்கு அறை அறையாத் தடுத்திருக்கு, ஒவ்வொரு அறைக்கும் அடியில ஒரு ஓட்டை. தரையில நிக்கேக்க உள்ளுக்குத் தங்கின தண்ணி வடியட்டும் எண்டு தக்கையைக் கழட்டி வைக்கிறது, தண்ணிக்குப் போக முதல் திரும்பப் பூட்டுறது. பூட்டுறதெண்டால் மல்லாக்கக் கிடந்து கையைக் குறுக்கி உள்ளுக்க விட வேணும், அதுக்குத் தோதான கை என்ர கை எண்டு சங்கத்தில எல்லாருமாச் சேந்து முடிவெடுத்தவை. தக்கையெல்லாம் ஒரு கன்வஸ் பையுக்க இருக்கும். பூட்டி முடிஞ்சாப் பிறகு அந்தப் பையை உள்பக்கம் வெளியாத் திருப்பி விமானியின்ர முகத்துக்கு நேர பிடிக்கிறது. பை வெறும் பை எண்டால் தக்கையெல்லாம் வயித்தில. கையெழுத்தும் இல்லை, ஒண்டும் இல்லை, விமானப்படைக் காலத்திலயிருந்து இதுதான் வழக்கம் எண்டு தூர்லைஃப் சொன்னவர். விமானி தலையை ஆட்டினால் சரி. இண்டைக்கும் திருப்பிப் பிடிச்சனான், ஆர்னே தலையை ஆட்டினவர். பை வெறும் பைதான், பொய்யில்லை. என்ர பொக்கற்றை ஆரும் திருப்பிப் பாக்கிறேல்லையே.

பொறு, ஒழுங்கா யோசி. கடைசி அறை, வாலுக்குக் கிட்ட இருக்கிறது, அதின்ர தக்கை புரி தேஞ்சு போச்சு எண்டு போன கிழமை ஆர்னே புதுசு ஒண்டு கடைஞ்சுகொண்டு வந்தவர். பழசை எறிஞ்சு விடு எண்டவர். எறியிற ஆளோ நான். யோகட் குடிச்ச டப்பாவையே கழுவி அடுக்கி வைக்கிறவள், என்ர மனிசன் புறுபுறுத்தாலும் விடமாட்டன். பழசைக் கம்பித் தூரிகையால உரஞ்சி உரஞ்சிப் புதுசு மாதிரி மினுக்கினனான், கண்ணாடிப் பெட்டிக்க வைச்சுச் சனத்துக்குக் காட்டலாம் எண்டு. கண்டறியாத மினுக்கல். மினுக்கிப்போட்டு எங்க வைச்சனான்? இந்தப் பொக்கற்றுக்க போட்டது நல்ல ஞாபகம், போட்டுக்கொண்டு வீட்டை போனது. பேந்து எடுத்துத் தகர டப்பாவுக்க போட்டதும் ஞாபகம் மாதிரிக் கிடக்கு, டிங் எண்டு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இந்தத் தக்கையின்ர சத்தமோ, வேற ஏதும் ஆணி விழுந்த சத்தமோ? டப்பாவுக்க போட்டது உண்மையெண்டால், இது புதுசு. இது புதுசெண்டால், கீழ ஓட்டை திறந்து கிடக்குது. டப்பாவுக்க போடேல்லையெண்டால் இது பழசு, பழசெண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை, சிரிச்சுப்போட்டு இருக்கலாம். அந்தோனியாரே, துலைஞ்ச சாமானை எடுத்துத் தாறவர் நீர், ஆனால் இது துலையேல்லை, என்ர உள்ளங்கையில கிடக்குது, அதுதான் ஆய்க்கினை.

காலமை என்ன நடந்தது, அதைப் பிடிச்சுக்கொண்டு போ. வாத்தியக் கோஷ்டி ஊதிக்கொண்டு நிண்டது. ரீவிக்காரன் கமராவை என்ர காலுக்குக் கிட்டக் கொண்டு வந்து வைச்சவன். நான் வயித்துக்குக் கீழ, முன் அறை முடிஞ்சுது, நடு அறையள் முடிஞ்சுது, வாலடிக்கு முதுகால அரக்கிப் போறன், கையில கடைசித் தக்கை, அந்த நேரம் பாத்து போன். ஜெனிற்றா. "அம்மா, ரோல்ஸ் எல்லாத்தையும் இப்பவே பொரிக்கிறதோ, இல்லாட்டி நீங்கள் தண்ணியில இறங்கினாப் பிறகோ?" இறங்கினாப் பிறகடி, ஆறினால் நோர்வேக்காரர் தின்னமாட்டினம் எண்டன். "அப்பா மிளகாயைக் கூடப் போட்டுட்டார்" எண்டாள். அவரிட்டைப் போனைக் குடு எண்டன். மனிசனோட ஒரு சண்டை பிடிச்சன், மல்லாக்கக் கிடந்தபடியே. போன் இடது கையில. வலது கையில தக்கை. தக்கை வலது கையில இருந்தது, அது சத்தியம். பேந்து? போனை வைச்சாப் பிறகு ஸ்பானரால இறுக்கினது கைக்குத் தெரியுது, அந்தக் கடைசி இறுக்கு, மணிக்கட்டில ஒரு நோவு வருமே, அது தெரியுது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் வாற நோவுதானே, இண்டைக்கு வந்ததோ, முந்தி வந்ததோ? மிளகாயைப் பற்றிப் பேசேக்க கையை ஆட்டிப் பேசினனான். கையை ஆட்டிப் பேசுற ஆள் தக்கையை எங்க வைப்பாள்? பொக்கற்றுக்க வைப்பாள். ஐயோ, அப்பிடித்தான் வைப்பாள். "கொறற்றி, முடிஞ்சுதோ?" எண்டு ஆர்னே கேட்டவர், ஓம் முடிஞ்சுது எண்டு வெளியில வந்து பையைத் திருப்பிக் காட்டினனான். முடிஞ்சுது எண்டு சொல்லேக்க எனக்குள்ள ஒரு சந்தேகமும் இருக்கேல்லை. சந்தேகம் இல்லாமல் சொன்னனான் எண்டது பூட்டினதுக்குச் சாட்சியோ? அது ஒண்டுக்கும் சாட்சியில்லை.

சரி, பாடமாக்கினதைச் சொல்லு, மனம் ஆறும். வணக்கம், வாருங்கோ, இதின்ர பேர் ஹாவ்ஹெஸ்ட், இந்தக் கடல்ல அலைக்கு மேல தாழப் பறக்கிற ஒரு பறவையின்ர பேர். பெரிய உலகச் சண்டை முடிஞ்ச கையோட அமெரிக்காவில கட்டினவை. தரைக்குச் சில்லு, தண்ணிக்கு வள்ள வயிறு, பனிக்கு வயித்துக்குக் கீழ நீளமான சறுக்குக் கட்டை, மூண்டிலயும் இறங்கும். முதல் கிறீன்லாந்துப் பக்கம், ஐஸில மாட்டுப்பட்ட ஆக்களைத் தூக்க. பனி இறுகிப் பிடிச்சு எழும்ப ஏலாமல் போனால் விலாவில ரொக்கெற் குழாய் கட்டிக் கொளுத்திறது, நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்புமாம். பேந்து நோர்வே விமானப்படைக்கு வந்தது. ரஷ்யாக்காரன்ர நீர்மூழ்கியைத் தேட, வடக்குத் தீவுகளில நரி வேட்டைக்குப் போன ஆக்களுக்குக் கடிதமும் மருந்தும் குடுக்க, பிள்ளைப்பேறு இறுகின பொம்பிளையளை ஏத்திக்கொண்டு வர. ஒரு பிள்ளை இந்தச் சீற்றடியிலதான் பிறந்தது எண்டு சொன்னால் சனம் ஆ எண்டு பாக்கும். ஹெலிக்கொப்டர் வந்தாப் பிறகு இதைத் தூக்கிச் சூடான நாடு ஒண்டுக்கு வித்துப்போட்டாங்கள், அங்க கடற்கரையில செட்டையில்லாமல் கிடந்ததாம், ஆரோ உள்ளுக்குக் கோழி வளத்தவங்களாம். அங்கயிருந்து கப்பல்ல ஏத்தி எங்கட ஊர் சில்ட்விக்குக்குக் கொண்டு வந்தது சங்கம். இவ்வளவையும் சொல்லிப்போட்டு, கடைசியா ஸ்வெர்ரேயின்ர கதையைச் சொல்லுவன், அது தூர்லைஃப்பின்ர கதை, ஆனால் அவர் தன்ர வாயால சொல்லமாட்டார், என்னட்ட விட்டிட்டார். வேண்டாம், அதை இப்ப சொல்லாத. இந்த இடத்திலதான் பாடம் எப்பவும் போய் நிக்கும், நான் என்ன செய்ய.

ஸ்வெர்ரே தூர்லைஃப்பின்ர கூட்டாளி. இது மாதிரியே இன்னொரு பிளேன். வடக்கில ஒரு தீவு, தண்ணியில இறங்கி, சாமான் இறக்கி, ஆக்களோட கோப்பி குடிச்சு, ஒரு ஆய்க்கினையும் இல்லை. வாலடி அறையின்ர தக்கை பூட்டேல்லை. நிக்கேக்க ஒருத்தருக்கும் தெரியேல்லை, ஏனெண்டால் கடைசி அறைக்குப் பம்ப் எட்டாது, நடக்கிற இடத்திலயிருந்து பாத்தாலும் தெரியாது. தண்ணி சத்தம் போடாமல் ஏறிக்கொண்டு இருந்திருக்கு. பேந்து எழும்பினவங்கள். மூக்கு மேல போச்சு, வால் கனத்துப் போச்சு, மூக்கை இறக்க ஏலேல்லை, கரையில நிண்ட சனம் கை காட்டிக்கொண்டு நிக்கப் பின்பக்கமா விழுந்தது. தூர்லைஃப் கரையில நிண்டவர். நாங்களும் அப்பிடித்தானே செய்யப் போறம். இறங்கிறது, துறைமுகத்தில பேச்சு, பாட்டு, ரோல்ஸ், பேந்து திரும்பத் தண்ணியிலயிருந்து எழும்பி விமான நிலையத்துக்குப் போறது. பேச்சு எண்டால் மேயர் கெதியா முடிக்கிற ஆளோ. அவ்வளவு நேரமும் வாலடியில தண்ணி ஏறும். சீக்ரி பிளேனை எழுப்புவாள், பாவம் பிள்ளை, அவளுக்கு ஏன் எண்டே விளங்காது.

பெருவிரலால தடவிப் பார். புரி தேஞ்சிருந்தால் பழசு. தடவுறன், ஒண்டும் தெரியேல்லை. இந்தக் கோதாரி விழுந்த விரல். ஐஸ் தண்ணிக்க கொட் மீன் வெட்டி வெட்டி நுனியெல்லாம் மரத்துப் போச்சு, ஊசி குத்தினாலும் தெரியாத விரலுக்குப் புரி தெரியுமோ. பல்லில வைச்சுப் பாக்கலாம், நாக்கால தடவிப் பாக்கலாம், ஆனால் தூர்லைஃப் என்ன நினைப்பார், முன்னுக்கு இருந்துகொண்டு நான் பித்தளையைச் சூப்பினால். சொல்லிப்போடு. ஆர்னேட்டச் சொல்லு. ஹெட்போனில பட்டனை அமத்தி, ஆர்னே, என்னட்ட ஒரு தக்கை கிடக்கு எண்டு சொல்லு, அவர் திரும்பிப் போய்ச் சில்லில இறங்குவார், ஒருத்தரும் சாகாயினம். இவ்வளவு சுகம். பின்ன ஏன் வாய் வருதில்லை? ஏனெண்டு எனக்குத் தெரியும். தொழிற்சாலையில குளிராக்கிற அமோனியா கசிஞ்சு மணக்குது எண்டு நான் அபாய மணியின்ர சிவப்புப் பிடியை இழுத்தனான், முழுச் சனமும் சப்பாத்தோட பனிக்க ஓடிச்சுது, மீன் அவ்வளவும் பழுதாப் போச்சு, பாத்தால் ஆரோ கழிவறையில ஊத்தின கழுவுற மருந்து. ஒருத்தரும் ஏசேல்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. அண்டையிலயிருந்து என்னைக் கண்டால் மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரிக்கிறது, கோப்பி வேளையில, பஸ்ஸுக்க, தேவாலயத்தில கூட. கன காலம். மனிசனும் சேந்து சிரிச்சது. இண்டைக்கும் பொய்யா முடிஞ்சால்? ஊரே துறைமுகத்தில நிக்குது, எங்கட தமிழ்ச் சங்கம் குத்துவிளக்கோட நிக்குது, இன்னொருக்காத் தண்ணியில இறங்க வேணும் எண்ட தூர்லைஃப்பின்ர கடைசி ஆசை, எல்லாத்தையும் கெடுத்தவள் ஆர்? கொறற்றி. ஏன்? பழைய தக்கை ஒண்டைப் பொக்கற்றுக்க போட்டுக்கொண்டு வந்து பயந்துபோனாளாம். வெக்கத்துக்குப் பயந்து சாகிறதோ எண்டு கேட்டால், ஓம், மனிசர் அப்பிடியும் சாகினம்தான்.

கண்டிட்டார். எப்ப வெளியில எடுத்தனான், எனக்கே தெரியாது, வெளிச்சத்தில புரியைப் பாக்கிறதுக்கு மடியில வைச்சுக் குனிஞ்சிருக்கிறன், நிமிந்தால் தூர்லைஃப்பின்ர கண் தக்கையில. பிறகு என்ர முகத்தில. அவருக்கு ஒருத்தரும் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முகம் வெளிறிப் போனதை நான் பாத்தன். அப்பாடா, இனி இவர் சொல்லுவார், என்ர வேலை முடிஞ்சுது எண்டு நெஞ்சு ஒரு நிமிசம் லேசாப் போச்சு. அவர் சொல்லேல்லை. ஹெட்போனைக் கழட்டினார். எனக்கும் கழட்டச் சொல்லிக் கை காட்டினார். எஞ்சின் சத்தத்துக்க என்ர காதுக்கு வாயை வைச்சு, "பழசாயிருக்கும்" எண்டார். நோர்வே மொழியில சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நீதான், நான் மட்டும் அவரை மனசுக்க நீங்கள் எண்டு மாத்திக்கொள்ளுவன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு கத்தினன். அவர் தக்கையை வாங்கிப் பாக்கேல்லை, தொடவே இல்லை. "பழசாத்தான் இருக்கும். நீ பிழை விடுற ஆள் இல்லை" எண்டார். "ஸ்வெர்ரே?" எண்டன். கண்ணை மூடித் திறந்தார். "ஒரு தரம், கொறற்றி. தண்ணி வயித்தில உரசுற சத்தம் ஒரு தரம் கேட்டால் காணும் எனக்கு. அங்க இறங்கினாப் பிறகு சொல்லுவம். எழும்ப வேண்டாம் எண்டு நானே ஆர்னேட்டச் சொல்லுறன்." அவரின்ர கை என்ர முழங்காலில இருக்குது. கெஞ்சுற கை. இந்த மனிசன் இப்பிடி என்னட்ட ஒண்டும் கேட்டதில்லை. குண்டு போட வாற பொம்மர் சத்தம் மாதிரிக் கேக்குது எண்டு, இதின்ர எஞ்சினை முதல்முதல் முடுக்கின அண்டைக்குக் கார் நிப்பாட்டுற இடத்தில நான் குப்புற விழுந்து படுத்தவள், யாழ்ப்பாணத்துப் பழக்கம், எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கப் பக்கத்தில வந்து குந்தியிருந்தவர் இவர் ஒருத்தர்தான். சத்தம் நிக்கும் வரைக்கும் இருந்தவர். அதுக்காக இப்ப வாயை மூடலாமோ?

மூடலாம்தான். இவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. இறங்கினாப் பிறகு சொல்லலாம், துறைமுகத்தில கட்டி இழுக்கலாம், ஒருத்தரும் சாகத் தேவையில்லை. இல்லை, பொறு, இறங்கேக்க என்ன நடக்கும்? அந்த வேகத்தில தண்ணி ஓட்டைக்குள்ள சும்மா வராது, பாய்ஞ்சு வரும், வால் ஒரு பக்கம் இழுத்தால் செட்டை தண்ணியைத் தொடும், தொட்டால் சுத்தும். இழுக்குமோ, இழுக்காதோ, எனக்கென்ன தெரியும், நான் மீன் வெட்டுறவள். இவருக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டும் கேக்கிறார், அதுதான் எனக்குப் பயம். இவருக்குப் பயமில்லை. பயமில்லாத மனிசரோட ஒரே வாகனத்தில போகக் கூடாது. சண்டைக் காலத்தில யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடல் கடக்கேக்க எனக்கு என்ன வயசு, பாவாடைச் சட்டை. இருட்டு, வள்ளம் நிறையச் சனம், நேவி வந்து சுடும் எண்டு மூச்சுக் காட்டாமல் இருக்கிறம். என்ர காலில தண்ணி. அம்மா, தண்ணி வருது எண்டு சொன்னன். அம்மா துடையில நுள்ளினா, தசை கழண்டு வாற மாதிரி. நான் வாயை மூடினன். தண்ணி கணுக்காலுக்கு வந்தது, நான் அழுதுகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன், விடியப் பாத்தால் ஆரோ தயிர்ச் சட்டியைக் கவிட்டிருக்கினம். தயிர். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சவை. தயிருக்குப் பயந்தவள், மருந்துத் தண்ணிக்குப் பயந்தவள், நான் பயந்ததெல்லாம் பிழையாத்தான் போயிருக்கு, அப்ப இதுவும் பிழையாத்தான் போகும், கணக்குச் சரிதானே? ஆனால் கன வள்ளம் அந்தக் கடல்ல உண்மையா மூழ்கினது. அதில இருந்த பிள்ளையளும் அம்மாவிட்டச் சொல்லியிருக்குங்கள்தானே, தண்ணி வருது எண்டு.

பிளேன் சரியுது. யன்னலுக்குள்ள கடல் ஏறி வருது, கறுப்புத் தண்ணி, அங்கங்க ஐஸ். சில்ட்விக் தெரியுது, சிவப்பு மஞ்சள் வீடுகள், துறைமுகம் முழுக்கக் கொடி, எறும்பு எறும்பாச் சனம். அதுக்க என்ர மனிசன் சவுண்ட் செற்றோட நிக்கும், ஜெனிற்றா ரோல்ஸைக் கூடைக்க அடுக்கிக்கொண்டு மேல பாப்பாள். ஸ்வெர்ரேக்கும் சனம் கை காட்டினதாம். ஹெட்போனை மாட்டினன், தூர்லைஃப்பும் மாட்டினார். ஆர்னேயின்ர குரல், ஆறுதலா, "தண்ணிக்கு இறங்கிறம். சில்லைப் பாருங்கோ." தண்ணியில இறங்கேக்க சில்லு வெளியில நீட்டிக்கொண்டு இருந்தால் பிளேன் குத்துக்கரணம் அடிக்கும், அதால ரெண்டு யன்னலிலயும் ஆக்கள் பாத்துச் சொல்ல வேணும், இதுவும் வழக்கம். "வலது?" "வலது மேல" எண்டார் தூர்லைஃப், வாலிபன்ர குரலில. "இடது?" நான் யன்னலைப் பாத்தன். சில்லு மேலதான் இருக்கு. "கொறற்றி, இடது?" "இடது மேல" எண்டு என்ர வாய் சொல்லிப்போட்டுது. நான் சொல்லேல்லை, பழகின வாய் சொல்லிச்சுது. எஞ்சின் சத்தம் குறையுது. தூர்லைஃப் என்னைப் பாத்துச் சிரிக்கிறார், கண்ணால தண்ணி ஓடுது அவருக்கு. சரி, போகட்டும், பழசுதான், பழசுதான், மாதாவே பழசாயிருக்கட்டும், தண்ணி கிட்ட வருது, அலையில நுரை தெரியுது, சீக்ரியின்ர தலைமயிர்க் கட்டு சீற்றுக்கு மேலால தெரியுது, நீல ரிப்பன், ஆர் கட்டி விட்டது இந்தப் பிள்ளைக்கு, காலமை தானே அவசரத்தில கட்டியிருப்பாள், பால் குடுத்துப்போட்டு ஓடி வந்திருப்பாள்.

"ஆர்னே, இறங்காத."

என்ர குரல்தான். "என்னட்ட ஒரு தக்கை கிடக்கு. கடைசி அறையின்ரயா இருக்கலாம். பழசாவும் இருக்கலாம். எனக்குத் தெரியேல்லை." தெரியேல்லை எண்டதை மூண்டு நாலு தரம் சொன்னன் எண்டு நினைக்கிறன். எஞ்சின் கத்திச்சுது, சீற்று முதுகில இடிச்சுது, கடல் யன்னலை விட்டுக் கீழ போச்சு. துறைமுகத்துக்கு மேலால தாழப் போனம், சனம் துள்ளிக் குதிச்சுக் கை தட்டுது, எங்களுக்கு வித்தை காட்டுகினம் எண்டு நினைச்சிருக்கும். சீக்ரி ஒருக்காத் திரும்பி என்னைப் பாத்துப்போட்டுத் திரும்பினாள். தூர்லைஃப் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குது. நான் அவரின்ர கையைத் தொட்டன், அவர் எடுத்துப்போட்டார். எனக்கு இப்ப வேற பயம் பிடிச்சிட்டுது. பூட்டியிருந்தால்? போய்ப் பாக்கேக்க அது வடிவாப் பூட்டிக் கிடந்தால்? இந்தக் கிழவன்ர ஒரே ஆசையை, தயிருக்குப் பயந்த மாதிரிப் பயந்து, கெடுத்துப்போட்டன் எண்டால் எந்த முகத்தோட இவரின்ர வீட்டுக் கதவைத் தட்டுவன்? திறந்து கிடக்கட்டும் எண்டு நேந்தன். நாங்கள் சாகப் பாத்தம் எண்டே இருக்கட்டும், நான் பொய்க்குப் பயந்தவளா இருக்கக் கூடாது. இப்பிடியும் ஒருத்தி மன்றாடுவாளோ.

சில்லில இறங்கினம். ஆர்னே டோர்ச் லைற்றை நீட்டினவர், நான் வாங்கேல்லை. ஈரக் கொங்கிறீற்றில மல்லாக்கக் கிடந்து வாலடிக்கு அரக்கிப் போனன். தலைக்கு மேல சாம்பல் நிறத் தகடு, ஆணித் தலையள், பழைய பெயின்ற். கையைக் குறுக்கி உள்ளுக்க விட்டன். அந்த இடத்தில பித்தளை இருக்க வேணும், சதுரத் தலை இருக்க வேணும். விரல் உள்ளுக்க போச்சு. அடி மட்டும் போச்சு, அங்கால வெறும் குளிர்க் காத்து. எடுத்தன், திரும்ப விட்டன், திரும்பவும் போச்சு. வெளியில ஆர்னேயின்ர சப்பாத்து தெரியுது, "என்ன மாதிரி?" எண்டு கேக்கிறார். அப்ப பக்கத்தில ஏதோ உரஞ்சிற சத்தம். தூர்லைஃப். அந்த நீலக் கோட்டோட தரையில படுத்து, முழங்கையால ஊண்டி ஊண்டி, மூச்சு வாங்கிக்கொண்டு என்ர பக்கத்துக்கு வாறார். நான் கையை எடுத்தன். அவர் தன்ர விரலை வைச்சுப் பாத்தார். உள்ளுக்க போன விரலை அவர் எடுக்கேல்லை, கன நேரம் அப்பிடியே வைச்சிருந்தார், மேல தகட்டைப் பாத்துக்கொண்டு. "சீக்ரிக்குப் பிள்ளை இருக்கு" எண்டார். ஓம் எண்டன். "எனக்கு நினைவே வரேல்லை, கொறற்றி. ஒருக்காலும் வரேல்லை." மற்றக் கையால என்ர கையைத் தேடிப் பிடிச்சார், தக்கையோட சேத்து.